அரை மார்க்கு அப்பா

அரைமார்க்கர் என்று ஓர் இனம் உண்டு. உயிரியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும், கார் நிறுத்துமிடத்தில் உலாவும், ஆசிரியர் அறைக் கதவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். இரண்டு கால், இரண்டு கை, கையில் ஒரு செல்பேசி, செல்பேசியில் எந்நேரமும் திறந்தே கிடக்கும் கால்குலேட்டர். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் இந்த இனத்துக்குக் கொம்பு முளைக்கும். பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் உதிர்ந்துவிடும். இரண்டாவது பிள்ளை இருந்தால் மறுபடி முளைக்கும்.

நான் சிட்னிக்கு மேற்கே ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறவள். வியட்நாம் அரைமார்க்கர், லெபனான் அரைமார்க்கர், கொரிய அரைமார்க்கர், கையில் மூடிய டப்பாவில் முறுக்கோடு வரும் நம்மூர் அரைமார்க்கர், எல்லோரையும் பார்த்தாயிற்று. சாமி மாறும், சாப்பாடு மாறும், திட்டுகிற மொழி மாறும். கேள்வி மட்டும் மாறாது. அந்த அரை மார்க் எங்கே போச்சு?

இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். தன் பிள்ளையைப் பன்மையில் பேசுவார். "டிரையல் பரீட்சையில நமக்கு எண்பத்தெட்டு," "இங்கிலீஷ்ல கொஞ்சம் சறுக்கிட்டோம்," "கெமிஸ்ட்ரிய நாங்க விட்டுட்டோம்." மற்றப் பிள்ளைகளின் பெயர் அவருக்குத் தெரியாது, இடம் தெரியும். "அதோ போறாங்களே, நாலாவது ரேங்க்கோட அம்மா." உலகத்தில் உள்ள அறிவெல்லாம் அவருக்கு இரண்டே வகை: பல்கலைக்கழகக் கணக்கில் மார்க் ஏறுகிற பாடம், இறங்குகிற பாடம். லத்தீன் ஏறும் என்று யாரோ சொன்னதால் லத்தீனை மதிப்பார்; நாடகம் இறங்கும் என்று கேள்விப்பட்டதால் நாடகக்காரர்கள் மேல் அனுதாபப்படுவார். துக்க வீட்டுக்குப் போனாலும் இறந்தவரைப் பார்த்துவிட்டு, மலர் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறந்தவருடைய பேரனிடம் போய், "எந்த ஸ்கூலு? எத்தனையாவது?" என்பார். பேச்சை எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிப்பார்: "மார்க்குக்காகக் கேக்கல." இப்படித் தொடங்கிய எந்தப் பேச்சும் இருபத்திரண்டு வருடத்தில் வேறெதற்காகவும் இருந்ததில்லை.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் மாநிலத்துக் கணக்கு அப்படி. பல்கலைக்கழகத்துக்குள் போக ஓர் எண் வேண்டும், ஏட்டார் என்பார்கள். மார்க் மாதிரி இருக்கும், மார்க் இல்லை. மாநிலத்தில் உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்லும் எண் அது. உச்சம் 99.95. நூறு கிடையாது, ஏனென்றால் உங்களுக்குப் பின்னால் நீங்களே நிற்க முடியாது. அதற்குள் போகிற மார்க்கில் பாதி, வருடக் கடைசியில் வரும் பொதுப் பரீட்சை. மறுபாதி, வருடம் முழுக்கப் பள்ளியில் வைத்த தேர்வுகள். ஆனால் பள்ளி போடுகிற மார்க்கை அரசாங்கம் அப்படியே நம்பிவிடாது. நம்பினால் நாங்கள் எல்லோருக்கும் தொண்ணூற்றொன்பது போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் எங்களிடமிருந்து வரிசையை எடுத்துக்கொள்ளும்: யார் முதல், யார் இரண்டாவது, யார் கடைசி. பிறகு, அந்த வகுப்புப் பிள்ளைகள் பொதுப் பரீட்சையில் எடுத்ததையெல்லாம் ஒரே பானையில் கொட்டி, வரிசைப்படி அள்ளிப் போடும். வரிசையில் முதலில் நிற்பவருக்குப் பானையிலேயே பெரிய மார்க், அதை யார் எடுத்திருந்தாலும் சரி. கடைசியில் நிற்பவருக்கு அடியில் கிடக்கும் மார்க், அது யாருடையதானாலும் சரி. நடுவில் நிற்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் நெளியும். அதை விடுங்கள்.

இனி கார்மெலோ கிரெக்கிடம் வருவோம்.

மால்ட்டாத் தீவிலிருந்து வந்தவர்களின் மகன். ஊருக்கே சார்லி. முப்பது வருடம் அடுத்தவர் குளியலறைகளில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டி, இரண்டு முழங்காலும் போனபிறகு, பக்கத்துப் பகுதியான கிரேஸ்டேன்ஸில் சொந்தமாக டைல்ஸ் கடை போட்டவர். ஒரே மகள் ஜனேல். பிசியோதெரபி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவின் ஆசை இல்லை, அவளுடையதேதான். அப்பா மாடிப்படி ஏறும்போது படிக்கொரு முனகல் முனகுவதைக் கேட்டு வளர்ந்த பெண். அதற்குப் பெரிய எண் தேவை. என்னுடைய உயர்கணக்கு வகுப்பில் அந்த வருடம் மொத்தமே ஏழு பேர். ஏழு பேரில் இடம் பிடிப்பது ஏழு பேர் உள்ள காரில் ஜன்னல் பிடிப்பது மாதிரி. முழங்கை இடிக்கும்.

சார்லி பிப்ரவரியிலேயே வந்துவிட்டார். வாசுகி என்ற என் பெயரில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மகள் தாளில் அரை மார்க் வெட்டியதற்காகச் சண்டைக்கு வந்தவர் அவர்.

"வாஸ், மார்க்குக்காகக் கேக்கல."

"சொல்லுங்க சார்லி."

"ஏழாவது கேள்வி. ரெண்டு மார்க்கு. நீங்க ஒன்றரை போட்டிருக்கீங்க."

"கடைசி வரியில அலகு எழுதல. மீட்டரா, அடியான்னு யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும். வீட்ல கேட்டேன், டக்குனு சொன்னா."

"என்கிட்ட சொல்லலையே."

"ஒரு பாத்ரூம் முழுக்க ஒட்டிக் குடுக்கறேன். ஒரு மூலையில ஒரு டைல் கொஞ்சம் சாஞ்சுடுச்சு. அதுக்காக யாராவது குறைச்சுக் குடுப்பாங்களா?"

"நான் குறைச்சுத்தான் குடுப்பேன்."

"நீங்க குடுப்பீங்க," என்று ஒத்துக்கொண்டார்.

"சரி, அந்தக் கேள்வி எதப் பத்தினது?" என்று கேட்டேன்.

"அது... என்னமோ எறியறாங்க. எங்கயோ போய் விழுது."

அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வருடம் முழுக்க அரைக்காகவும் காலுக்காகவும் போராடிய அந்த மனிதர், எந்தக் கேள்வியில் என்ன கேட்டிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு தாளின் ஓரத்தில் உள்ள சிவப்பு மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

முதலிடத்தில் யூசுப் தர்வீஷ் இருந்தான். அவனை யாராலும் அசைக்க முடியாது என்று சார்லியே விட்டுவிட்டார். இரண்டாவது இடத்துக்குத்தான் ஜனேலுக்கும் ஜிசூ பார்க்குக்கும் இழுபறி. ஜூனில் ஜிசூவுக்கு இருமல் வந்து இரண்டு நாள் வரவில்லை. பள்ளி வாசலில் சார்லி என்னை நிறுத்தி, முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "பாவம், அந்தப் பொண்ணுக்கு ரொம்ப முடியலையாமே. ஒரு வாரமாவது ஆகுமா?"

அந்த 'ஆவது' இருக்கிறதே, அதில்தான் அரைமார்க்கரின் இதயம் இருக்கிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஏப்ரலில் அவர் செய்தது அப்படி இல்லை. ஏழாவது இடத்தில் மெலே டவுஃபா என்று ஒரு பெண். டோங்காக் குடும்பம். அவர்கள் தேவாலயத்தின் பித்தளை வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசிப்பாள். சனிக்கிழமையும் ஞாயிறு காலையும் ஊதிவிட்டுத் திங்கட்கிழமை என் வகுப்பில் தூங்குவாள். எழுப்பிக் கேள்வி கேட்டால் சரியான விடையை ஒரு வரியில் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். எப்படி வந்தது என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டாள். எழுதாததற்கு மார்க் கிடையாது; ஆகவே ஏழாவது. இந்தப் பெண்ணால் வகுப்பின் வேகம் குறைகிறது, இவளைச் சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்று சார்லி நேராகத் துணைத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டார். துணைத் தலைமையாசிரியர் முடியாது என்று அனுப்பிவிட்டார். ஆனால் பள்ளிக்கூடத்தில் எந்தப் பேச்சு அறைக்குள் நின்றிருக்கிறது? மறுநாளே மெலேக்குத் தெரியும். ஜனேலுக்கும் தெரியும். ஜனேல் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. சார்லி அதைப் படிப்பின் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் கடைசி உள்தேர்வு. ஜனேல் ஜிசூவை அரை மார்க் வித்தியாசத்தில் தாண்டி இரண்டாமிடம் பிடித்தாள். வரிசையை மூடித் தேர்வு வாரியத்துக்கு அனுப்பிவிட்டோம். சார்லி ஒரு பெரிய தட்டு நிறையப் பஸ்டீட்சியோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். அவர் மனைவி ரீட்டா சுட்டது, மொறுமொறுவென்று அடுக்கடுக்காக, உள்ளே பாலாடைக்கட்டி வைத்தது.

"முடிஞ்சுது வாஸ். ரெண்டாவது. இனிமே ஒருத்தரும் தொட முடியாது."

நான் பேசாமல் தின்றுவிட்டு வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆறு மாதமாக என் பெயரைப் பாதியாகக் கேட்டவள் நான்.

"வாழ்த்துகள் சார்லி. இனிமே உங்க கவலை ஜனேல் இல்ல. மத்த ஆறு பேரு."

"அவங்க எனக்கு எதுக்கு?"

தட்டிலிருந்து ஏழு பஸ்டீட்சிகளை எடுத்து மேசையில் வைத்தேன். "ஒவ்வொருத்தரும் பரீட்சையில ஒண்ணு சுடறாங்க. ஏழையும் ஒண்ணாக் கொட்டிருவாங்க. ஜனேல் ரெண்டாவது. அதனால அவளோட பாதி மார்க்கு, இதுல இருக்கற ரெண்டாவது பெரிசு. அவ சுட்டதா இருக்கணும்னு அவசியமில்ல. எல்லாரும் பெரிசா சுட்டா அவளுக்கும் பெரிசு. எல்லாரும் கருக்கிட்டா..."

சார்லி ஏழையும் பார்த்தார். ஏறுகிற பாடம், இறங்குகிற பாடம் எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவர், இதை மட்டும் படிக்காமல் விட்டிருந்தார். இரண்டாவது என்பதோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ யூசுப்பு..."

"ரொம்ப நல்லா எழுதணும்."

"அந்தக் கடைசிப் பொண்ணு?"

"மெலே. அவ மார்க்கும் இதுலதான் விழும்."

கையில் இருந்ததைக் கடிக்காமல் கீழே வைத்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு, இந்தத் தடவை உண்மையான அக்கறையோடு, கேட்டார்: "ஜிசூவுக்கு இருமல் முழுசா சரியாயிடுச்சா?"

அந்த வாரமே மனிதர் மாறிவிட்டார். எப்படி மாறினார் தெரியுமா? ஜிசூ வீட்டுக்கு எலுமிச்சையும் தேனும் போயிற்று. யூசுப்பின் அப்பாவுக்குக் கடையில் பாதி விலையில் சமையலறை டைல்ஸ் போயிற்று. ஏழு பிள்ளைகளின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு தேவாலயத்துக்குப் போய், முஸ்லிம் பையனுக்கு மெழுகுவத்தி ஏற்றினால் தப்பில்லையே என்று பாதிரியாரிடம் கேட்டு, ஏழு மெழுகுவத்தியும் ஒரே உயரமா என்று குனிந்து பார்த்து ஏற்றிவிட்டு வந்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மூடிவிட்டு அதை ஏழு பேரும் சேர்ந்து படிக்கிற இடமாக ஆக்கி, சாப்பாடும் தன் பொறுப்பு என்று அறிவித்தார். மற்ற அப்பா அம்மாக்கள் இவருக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார்கள். ஞானம் வந்துவிட்டது என்றேன்.

ஒரு ஞாயிறு நானே போய்ப் பார்த்தேன். அது டைல்ஸ் கடை, நாற்காலிகள் இரண்டுதான். ஆகவே யூசுப் காட்சிக்கு வைத்திருந்த குளியல் தொட்டிக்குள் காலை நீட்டி உட்கார்ந்து இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தான். ஜிசூ ஒரு கழிப்பறையின் மூடிமேல் முதுகு வளையாமல் அமர்ந்திருந்தாள், மடியில் புத்தகம். ஜனேல் தரையில். இன்னும் மூன்று பேர் ஒரு மாதிரிக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெலே மட்டும் இல்லை.

அவளுக்கு வரத் தேவையே இல்லை. செப்டம்பரிலேயே ஒரு பல்கலைக்கழகம் அவளை நர்சிங்குக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் அனுப்பிவிட்டது. பரீட்சையை எழுதினோம் என்று பேர் பண்ணினால் போதும். அவளைத் தேடிச் சார்லி ஒரு சனிக்கிழமை டோங்காக்காரர்களின் தேவாலயத்துக்கே போனார். வெளியே கார் நிறுத்துமிடத்தில் முப்பது பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். அங்கே நடந்ததை மெலே பின்னால் எனக்கு நடித்தே காட்டினாள்.

"மெலே, கண்ணு, நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் கடைக்கு வரியா?"

"எதுக்கு அங்கிள்? எங்க வீட்டு பாத்ரூம் நல்லாத்தான் இருக்கு."

"படிக்கம்மா."

"எனக்கு எடம் கெடச்சாச்சு. ஹால்ல ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்."

"ரெண்டு மணி நேரப் பரீட்சை!"

"மீதி நேரம் தூங்குவேன்."

சார்லி முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். மெலே டிராம்போனைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"ஏப்ரல்ல என்னை க்ளாஸை விட்டுத் தூக்கச் சொன்னது நீங்கதானே?"

பின்னால் யாரோ பெரிய வாத்தியத்தில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதினார்களாம்.

"ஆமா," என்றார் சார்லி. "நான்தான்."

"அப்போ உங்க பொண்ணு மேல போறதுக்கு நான் இருக்கக்கூடாது. இப்போ உங்க பொண்ணு மேல போறதுக்கு நான் வேணும்."

"ஆமா."

"மழுப்பக்கூட மாட்டீங்களா?"

"என்ன சொல்லி மழுப்பறது? நான் பண்ணது அசிங்கம். இப்பக் கேக்கறதும் அசிங்கம்தான். ஆனாலும் கேக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரு தடவை வரேன். சாப்பிட என்ன?"

வந்தாள். சாப்பிட்டாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. கல்லாமேசைமேல் ஏறி உட்கார்ந்து டைல் மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மும்முரமாக இருந்தார்கள். சார்லி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், ஒரு வினாத்தாளை நீட்டிக் கேட்டார்: "இதுல என்னதாம்மா கேக்கறாங்க?"

"உங்களுக்கு எதுக்கு?"

"பிப்ரவரியிலேருந்து இதுக்காக டீச்சரோட சண்டை போட்டிருக்கேன். ஒரு எழவும் புரியல."

மெலே மேசையிலிருந்து குதித்தாள். நான்கு நிற டைல்களை எடுத்துத் தரையில் வைத்தாள். "இந்த நாலையும் ஒரு வரிசையா ஒட்டணும். எத்தனை விதமா ஒட்டலாம்?"

"கஸ்டமர் சொல்ற விதம் ஒண்ணுதான்."

"கஸ்டமர் செத்துட்டார் அங்கிள். எத்தனை விதம்?"

சார்லி முனகியபடி மண்டியிட்டார். மாற்றி மாற்றி வைத்து எண்ணினார். பத்தொன்பதில் குழம்பி மறுபடி தொடங்கினார். அரை மணி நேரத்துக்குப் பிறகு கடை அதிர, "இருபத்துநாலு!" என்றார். குளியல் தொட்டியிலிருந்து யூசுப் எழுந்து பார்த்தான்.

"சரி. இப்போ நாலுல ரெண்டை எடுத்து பக்கெட்ல போடறேன். எத்தனை விதம்? மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். வரிசை முக்கியமா, இல்லையா?"

"வரிசைதானே எல்லாமே!"

"பக்கெட்டுக்குள்ள எது அங்கிள் மொதல்ல, எது ரெண்டாவது?"

சார்லி பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நீலமும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. "இல்ல," என்றார் மெதுவாக. "இங்க வரிசை இல்ல."

அடுத்த ஞாயிறும் மெலே வந்தாள். அதற்கடுத்ததும். படிக்க வரவில்லை, சொல்லிக்கொடுக்க வந்தாள். சார்லிக்கு ஒரு வரியில் விடை சொன்னால் ஏறாது. "அதெப்படி? நடுவுல என்ன ஆச்சு? எழுதிக் காட்டு." எழுதிக் காட்டினால் விடவும் மாட்டார். "அலகு எழுது! எழுதலேன்னா வாஸ் அரை மார்க்க வெட்டிருவா, எனக்குத் தெரியும்!" என் இரண்டு வருட முயற்சியில் நடக்காதது, அந்த மனிதரின் மந்தபுத்தியாலும் அரை மார்க் பயத்தாலும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. மெலே வரி வரியாக எழுதப் பழகினாள்.

தெருவெல்லாம் ஜகரந்தா ஊதா நிறத்தில் கொட்டிக் கிடந்த ஒரு காலையில் பரீட்சை வந்தது. சார்லி வாசலில் நின்று, பரீட்சை விதிப்படி லேபிளைச் சுரண்டி எடுத்த தண்ணீர்ப் புட்டிகளை ஏழு பேருக்கும் கொடுத்தார். மெலே இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து எழுதினாள். வெளியே வந்ததும் சார்லியைப் பார்த்து, "பக்கெட் கணக்கு வந்துச்சு அங்கிள்!" என்று கத்தினாள்.

ஜனேல் கடைசியாக வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல், அங்கேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, போச்சு," என்றாள். சார்லி காரைத் திறந்தார். எந்தக் கேள்வி என்று கேட்கவில்லை, எத்தனை மார்க் என்று கேட்கவில்லை, என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்து அவர் ஒன்றும் கேட்காத முதல் நாள் அது.

டிசம்பர். எங்கள் பக்கத்து நம்மூர்க்காரர்கள் அந்த மாதத்தில் நலம் விசாரிக்க மாட்டார்கள். "எத்தனை?" என்பார்கள், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குச் செல்பேசியில் முடிவு வந்தது. மகளின் எண் பிசியோதெரபிக்குப் போதும் என்று தெரிந்ததும் ரீட்டா அழுதாள், சார்லி முழங்காலை மறந்து குதித்தார், பிறகு முழங்கால் நினைவுபடுத்தியதால் உட்கார்ந்தார். ஜனேல் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு பாதியும் தனித்தனியாக இருக்கும். கணக்கில் அவள் பரீட்சையில் எடுத்தது வகுப்பிலேயே ஆகக் குறைவு. பள்ளிப் பாதியாக அவளுக்கு வந்தது வகுப்பிலேயே இரண்டாவது பெரியது.

மெலேயைக் கூப்பிட்டாள். அவளுக்கு நேர்மாறு. யூசுப்புக்கு அடுத்தபடி பரீட்சையில் மார்க் எடுத்தவள் மெலே. பள்ளிப் பாதியாக அவளுக்கு வந்தது பானையின் அடியில் கிடந்தது.

"அப்பா," என்றாள் ஜனேல், "என்கிட்ட இருக்கறது மெலேயோட மார்க்கு. அவகிட்ட இருக்கறது என்னுது."

மறுநாள் நான் விடுமுறைக்கு முன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். சார்லி உள்ளே வந்தார். கையில் டைல் பெட்டி அட்டை, அதில் முழுக்கக் கணக்கு. சவரம் செய்யவில்லை.

"மெலே மார்க்கப் பத்திப் பேசணும்."

"சட்டம் அப்படி சார்லி. உங்களுக்கே தெரியும்."

"அந்தப் பொண்ணு சுட்டத என் பொண்ணு தின்னிருக்கா. நான் ஊட்டி விட்டிருக்கேன்." அட்டையை நீட்டினார். "யாருக்கு எழுதணும்? எங்க கையெழுத்துப் போடணும்? எங்களுதுல குறைச்சாலும் பரவால்ல."

"ஜனேலோட சீட்டு போயிடும்."

அவர் அட்டையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பாதி இழந்துவிடத் தயாராக இருந்தது, மறுபாதி வேண்டாம் என்று கெஞ்சியது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஜனேல்கிட்ட கேட்டுட்டேன்," என்றார். "எழுதச் சொல்லிட்டா."

எழுதினார்கள். அப்பாவும் மகளும் கையெழுத்திட்டார்கள். தேர்வு வாரியத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: எல்லாம் விதிப்படியே நடந்திருக்கிறது, ஒருவர் மார்க்கை இன்னொருவருக்கு மாற்ற வழியில்லை. சார்லி கடிதத்தோடு மெலே வீட்டுக்குப் போனார்.

மெலே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அங்கிள், எனக்குச் செப்டம்பர்லயே எடம் கெடச்சாச்சுன்னு எத்தனை தடவை சொல்றது? எனக்கு எதுக்கு இந்த மார்க்கு, கூழ் காய்ச்சவா? ஜனேல் வெச்சுக்கட்டும்."

"அப்ப உனக்கு?"

"பரீட்சைல ரெண்டாவது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஏப்ரல்ல யார்கிட்ட போய்ச் சொன்னீங்களோ, அவர்கிட்டயும் போய்ச் சொல்லிருங்க."

சொன்னார். துணைத் தலைமையாசிரியர் விடுமுறையில் இருந்ததால், ஜனவரி முடியும்வரை காத்திருந்து, பள்ளி திறந்த முதல் நாள், முதல் ஆளாக உள்ளே போய்ச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டேன். நல்ல உரத்த குரலில்தான் சொன்னார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? வெளியே வந்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் தங்கை மகன் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, என் வகுப்புதான். "மார்க்குக்காகக் கேக்கல வாஸ். இந்த வருஷம் உங்க க்ளாஸ்ல கடைசி யாரு? இப்பவே போய் மரியாதையா பழகிக்கறேன்."

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டு பக்கத்தை மூடப் போகிறீர்கள். மூடுங்கள். ஒன்றே ஒன்று. ஜனேலுக்கு வந்த எண் எவ்வளவு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இடம் கிடைத்துவிட்டது, மெலேக்கும் கிடைத்துவிட்டது, இரண்டு பெண்களும் நன்றாக இருக்கிறார்கள், இதற்குமேல் ஒருவருக்கு என்ன தெரிய வேண்டும்? ஆனாலும் உங்களுக்கு உள்ளே எங்கோ அரிக்கிறது. விட்டுப் போயிருக்குமோ என்று மேலே ஒருமுறை போய்த் தேடிப் பார்த்துவிட்டும் வந்திருப்பீர்கள். தொண்ணூறைத் தாண்டியதா என்றாவது சொல்லியிருக்கலாமே என்று என்மேல் கோபம்கூட வருகிறது.

வாருங்கள். ஆசிரியர் அறை மாடியில், இடது பக்கம் இரண்டாவது கதவு. முன்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள்.